பூந்தமல்லி வழக்கில் மன்னித்தவர்களும் கேட்கப்படாதவர்களும்

1998 ஜனவரி 28. பூந்தமல்லியில், பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் கீழ் அமைந்த சிறப்பு நீதிமன்றத்தில் நீதிபதி வி. நவநீதம் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தீர்ப்பு சொன்னார். விசாரணையை எதிர்கொண்ட 26 பேருக்கும் தூக்கு. ஒருவருக்குக்கூடக் குறைந்த தண்டனை இல்லை. நளினி, அவருடைய கணவர் முருகன், தாய் பத்மா, சகோதரர் பாக்கியநாதன் என்று ஒரே குடும்பத்தில் நான்கு பேர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். நளினிக்கும் முருகனுக்கும் சிறைக்காலத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு அப்போது ஆறு வயது.

குற்றம் நடந்த இடம் பூந்தமல்லி வழியாகப் போகும் நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது. 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தியின் கார் பூந்தமல்லியைக் கடந்துதான் ஸ்ரீபெரும்புதூர் போனது. மாலையோடு காத்திருந்த பெண் காலைத் தொடுவதுபோலக் குனிந்து, இடுப்பில் கட்டியிருந்த குண்டை வெடிக்கச் செய்தார். ராஜீவோடு பதினைந்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸார், காங்கிரஸ் தொண்டர்கள், தலைவருக்குக் கவிதை சொல்லிக்காட்ட வந்த ஒரு சிறுமி, அவளைக் கூட்டிவந்த தாய்.

அந்த இரவுக்கும் கடைசிக் கைதி விடுதலையான 2022 நவம்பருக்கும் நடுவே 31 ஆண்டுகள். அரசியலாகவும் சட்டமாகவும் இதைப்பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. எனக்கு இதில் வேறொரு வரலாறு தெரிகிறது: சில குடும்பங்களின் வரலாறு. அவர்களில் மன்னித்தவர்கள் உண்டு, மன்னிக்க மறுத்தவர்கள் உண்டு, யாருமே வந்து கேட்காமல் விடப்பட்டவர்களும் உண்டு. நம் அரசுகளும் கட்சிகளும் இந்த மூன்று தரப்பையும் பிரித்துப் பார்க்கவே இல்லை. ஒரு குடும்பத்தின் மன்னிப்பை வசதிப்படாதபோது ஒதுக்கி வைத்தார்கள். வசதிப்பட்டபோது அதையே எல்லோருடைய மன்னிப்பாகவும் காட்டினார்கள்.

தடா வழக்கில் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு இருக்கவில்லை. பூந்தமல்லியிலிருந்து நேரே டெல்லிதான். 1999 மே 11 அன்று நீதிபதிகள் கே.டி. தாமஸ், டி.பி. வாத்வா, சையத் ஷா முகமது காத்ரி அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. பத்மாவும் பாக்கியநாதனும் வெளியே வந்தார்கள். ராபர்ட் பயஸ், ஜெயக்குமார், ரவிச்சந்திரன் மூவருக்கும் ஆயுள். நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் நால்வருக்கும் தூக்கு உறுதியானது. இந்தக் கொலை தடா சட்டத்தின் கீழ் வராது என்று சொன்ன அதே தீர்ப்பு, தடாவின் கீழ் போலீஸ் அதிகாரி எழுதிவாங்கிய ஒப்புதல் வாக்குமூலங்கள் செல்லும் என்றும் சொன்னது. இந்த முடிச்சைப் பின்னால் அவிழ்க்கப் பார்த்தவர்களில் ஒருவர், வாக்குமூலத்தை எழுதிய அதிகாரியேதான். நளினி விஷயத்தில் மட்டும் நீதிபதி தாமஸ் மாறுபட்டார். நளினி பிறர் சொன்னதைச் செய்தவர், சிறு பெண் குழந்தைக்குத் தாய், அவருக்கு ஆயுள் தண்டனை போதும் என்று எழுதினார். மற்ற இருவரும் ஏற்கவில்லை.

அந்த ஆண்டே சோனியா காந்தி, நால்வரையும் தூக்கிலிட வேண்டாம் என்று குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணனைக் கேட்டுக்கொண்டார். தம் பிள்ளைகளுக்கும் இதே எண்ணம்தான் என்றார். தகப்பனை இழந்த பிள்ளைகளைப் பக்கத்திலிருந்து பார்த்தவர், இன்னொரு குழந்தை அனாதையாகக் கூடாது என்று நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் கணவனைக் கொன்ற வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களுக்காக, அரசியலில் இருக்கும் ஒருவர் தாமாகவே முன்வந்து கேட்பது எளிதல்ல. தமிழ்நாட்டு ஆளுநராக இருந்த பாத்திமா பீவி நால்வரின் மனுக்களையும் முதலில் தள்ளினார். அமைச்சரவையைக் கலக்காமல் எடுத்த முடிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, 2000 ஏப்ரலில் கருணாநிதி அமைச்சரவை நளினிக்கு மட்டும் ஆயுளாகக் குறைக்கப் பரிந்துரைத்தது, ஆளுநர் ஏற்றார். நால்வருக்காகவும் வந்த வேண்டுகோளில் அரசு ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டது. மற்ற மூவரின் கருணை மனுக்கள் டெல்லியில் பதினோரு ஆண்டு கிடந்தன.

குடும்பம் மன்னித்தும் அரசு மறுப்பது நம் நாட்டில் புதிதல்ல. காந்தியைக் கொன்ற நாதுராம் கோட்சேயின் உயிரைக் காக்கும்படி காந்தியின் பிள்ளைகள் மணிலாலும் ராமதாஸும் 1949இல் கேட்டார்கள். அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்தவர் ராஜாஜி. காந்தியின் சம்பந்தி, அவருடைய மனசாட்சிக் காவலர் என்று பெயர் வாங்கியவர். அவரும் இரங்கவில்லை, நவம்பர் 15 அன்று தூக்கு நிறைவேறியது. காந்தியின் கொலைக்குக் காந்தியின் கொள்கைப்படி தண்டனை கொடுக்க அவருடைய பிள்ளைகள் கேட்டார்கள், அவருடைய சீடர்கள் மறுத்தார்கள். கொலை ஒரு குடும்பத்துக்கு மட்டும் எதிரானதல்ல, நாட்டுக்கு எதிரானது என்பது அரசின் வாதம். அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஒன்று: நாட்டின் பேரில் மறுக்கும்போது குடும்பத்தின் குரல் கணக்கில் இல்லை என்றால், பின்னால் நாட்டின் பேரில் விடுவிக்கும்போது அதே குடும்பத்தின் குரலைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது. ராஜீவ் வழக்கில் இரண்டும் நடந்தன.

2008 மார்ச் 19 அன்று பிரியங்கா காந்தி வேலூர் பெண்கள் சிறைக்கு வந்து நளினியைப் பார்த்தார். வெளியே யாருக்கும் தெரியாது. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்தே செய்தி கசிந்தது. அப்போது பிரியங்கா சொன்னதன் சாரம்: இது என் சொந்த விஷயம்; நான் பட்ட இழப்போடும் வன்முறையோடும் சமாதானமாக எனக்குத் தெரிந்த வழி இது. நளினியின் கோணம் 2016இல் வெளிவந்த அவருடைய நூலிலும், விடுதலைக்குப் பிறகு அவர் கொடுத்த பேட்டிகளிலும் இருக்கிறது. அப்பாவுக்கு ஏன் இப்படிச் செய்தார்கள், பின்னால் யார் என்று பிரியங்கா கேட்டதாகவும், அழுததாகவும், தனக்குத் தெரிந்ததைச் சொன்னதாகவும் அவர் சொல்கிறார்.

1991 மே மாதம் பிரியங்காவுக்குப் பத்தொன்பது வயது. பதினேழு ஆண்டுக்குப் பிறகு, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாக, அந்தக் கேள்வியோடு சிறைக்குள் போகிறார். மன்னிப்பைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் அதை ஒரு கொடையாகவே பேசுகிறோம். உயர்ந்தவர் தாழ்ந்தவருக்குத் தருவதுபோல. வேலூரில் நடந்ததைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. வந்தவர் கேட்கத்தான் வந்தார். குடும்பத்துக்குள் இத்தனை வருஷம் பதில் இல்லாமல் கிடந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள வந்தார். பதில் முழுசாகக் கிடைத்ததாகத் தெரியவில்லை. நளினி தான் குற்றமற்றவர் என்றே இன்றுவரை சொல்லிவருகிறார். நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. குற்றத்தை ஒருவர் ஏற்காதபோதும் இன்னொருவர் மன்னிக்க முடியுமா? முடிந்திருக்கிறது. 2018இல் சிங்கப்பூரிலும் 2021இல் புதுச்சேரியில் மாணவிகள் நடுவிலும் ராகுல் காந்தி தன் மனத்தில் கோபம் இல்லை, மன்னித்துவிட்டோம் என்றார்.

தென்னாப்பிரிக்காவின் உண்மை, நல்லிணக்க ஆணையம் இதற்கு நேர்மாறான வழியில் போனது. அங்கே முதலில் உண்மையைச் சொல்ல வேண்டும். முழுக்கச் சொன்னால்தான் பொதுமன்னிப்பு. 1993இல் கேப் டவுன் அருகே கும்பலால் கொல்லப்பட்ட அமெரிக்க மாணவி ஏமி பீலின் பெற்றோர், மகளைக் கொன்றவர்களின் மனுவை எதிர்க்காமல் இருந்தார்கள். அந்த இளைஞர்களில் இருவர் பின்னர் அவள் பேரில் அமைந்த அறக்கட்டளையிலேயே வேலை பார்த்தார்கள். அப்படியொரு கூடம் நமக்கு அமையவில்லை. ராஜீவ் கொலையின் பின்னணியை விசாரிக்க ஜெயின் ஆணையம் அமைத்தோம். பெரிய சதியைத் துருவ 1998இல் தனி விசாரணை முகமை வைத்தோம், அதை 2022இல் கலைத்தோம். 2002இல் கிளிநொச்சியில் செய்தியாளர்கள் கேட்டபோது விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரன் அந்தக் கொலையை ஒரு துன்பியல் சம்பவம் என்றார். 2006இல் அந்த இயக்கத்தின் ஆன்டன் பாலசிங்கம் ஆழ்ந்து வருந்துவதாகச் சொன்னார். அது குற்ற ஒப்புதல் அல்ல என்று உடனே விளக்கம் வந்தது. பிரியங்காவின் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் வேலூர்ச் சிறையில் இல்லை.

இந்த வழக்கில் தாமாக வாய் திறந்து உண்மை பேசியவர்கள் வேறு பக்கத்தில் இருந்தார்கள்.

1991 ஜூன் 11 இரவு சென்னை பெரியார் திடலில் பேரறிவாளனை அவருடைய பெற்றோரே சிபிஐ அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். விசாரித்துவிட்டு மறுநாள் அனுப்பிவிடுகிறோம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள் என்று தாய் அற்புதம்மாள் முப்பது ஆண்டாகத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். பிள்ளைக்கு அப்போது வயது பத்தொன்பது, பிரியங்காவின் வயது. குண்டுக்குப் பயன்பட்ட இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரிகளை வாங்கிக்கொடுத்தார் என்பது அவர் மேலிருந்த முக்கியக் குற்றச்சாட்டு. வாக்குமூலத்தை எழுதியவர் சிபிஐ கண்காணிப்பாளராக இருந்த வி. தியாகராஜன். 2013இல் 'உயிர்வலி' ஆவணப்படத்தில் அவரே பேசினார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று அந்தப் பையன் சொன்னான். அதை நான் எழுதவில்லை என்றார். பின்னர் உச்ச நீதிமன்றத்திலும் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தார்.

எழுதாமல் விட்டது ஒரே வாக்கியம். தடா சட்டத்தில் அதிகாரி எழுதியதே சாட்சியமாக இருந்ததால் அந்த ஒரு வாக்கியம் தூக்குக்கயிறு வரைக்கும் கொண்டுபோய்விட்டது. 2011 செப்டம்பர் 9 என்று நாள்கூடக் குறித்தாகிவிட்டது. ஆகஸ்ட் 28 அன்று மூவர் உயிருக்காகக் காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தீக்குளித்து இறந்தார். 30ஆம் தேதி உயர் நீதிமன்றம் தடை விதித்தது, அன்றே சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. அந்த அதிகாரி பேசியிருக்க வேண்டிய நேரம் 1991 என்று கோபப்படுபவர்கள் உண்டு. அந்தக் கோபம் நியாயமானது. ஆனாலும், யாரும் கேட்காதபோது, ஓய்வுபெற்று நிம்மதியாக இருக்கும்போது, தன் பெயருக்குத் தானே களங்கம் வரவழைத்துக்கொண்டு ஒருவர் இதைச் சொன்னார். நம் போலீஸ் வரலாற்றில் இப்படி இன்னொருவரைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். பாவவிமோசனம் என்ற சொல்லுக்கு இந்த வழக்கில் யாராவது தகுதியானவர் என்றால் முதலில் அவரைத்தான் சொல்வேன்.

இரண்டாவது ஆள் தீர்ப்பெழுதிய நீதிபதி தாமஸ். 22 ஆண்டு சிறையில் வைத்துவிட்டு அப்புறம் தூக்கிலிடுவது ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை கொடுப்பதாகும் என்று 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். 2017 அக்டோபரில் சோனியா காந்திக்குக் கடிதம் எழுதினார்: நீங்கள் பெருந்தன்மை காட்டிக் குடியரசுத் தலைவருக்கு எழுதினால் மத்திய அரசு இசையக்கூடும், இப்போது உங்களால்தான் முடியும். காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற கோபால் கோட்சேயை 1964இல் விடுவித்ததையும் நினைவூட்டினார். நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்து தூக்கை உறுதிசெய்தவர், தன் தீர்ப்பால் உள்ளே இருப்பவர்களுக்காக ஒரு விதவைக்கு விண்ணப்பம் எழுதுகிறார். அந்தக் கடிதத்தின் ஈரம் என்னைத் தொட்டது. ஆனால் அதில் ஒரு பிழையும் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் விதவையானவர் சோனியா காந்தி ஒருவர் மட்டுமல்ல.

பூந்தமல்லியிலிருந்து சிறிது தூரத்தில் குன்றத்தூர். சேக்கிழார் பிறந்த ஊர். பெரியபுராணத்தில் அவர் சொல்லும் மெய்ப்பொருள் நாயனார் கதையை மன்னிப்பின் உச்சமாக நாம் சொல்லி வளர்கிறோம். சிவனடியார் வேடத்தில், சுவடிக்கட்டுக்குள் ஆயுதத்தை மறைத்துக்கொண்டு முத்தநாதன் திருக்கோவலூர் அரண்மனைக்குள் நுழைகிறான். அடியாரென்று வணங்கிய மன்னனைக் குத்துகிறான். பாய்ந்து வந்த காவலன் தத்தனை மன்னனே தடுத்து, இவனைப் பத்திரமாக ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோய் விடு என்கிறார். வணங்குவதுபோல வந்து கொல்லும் கதை என்பதால் ஸ்ரீபெரும்புதூரோடு இதை ஒப்பிட்டுப் பேசக் கேட்டிருக்கிறேன். நான் பார்ப்பது அதற்கடுத்த காட்சியை. தத்தன் கொலைகாரனை அழைத்துக்கொண்டு வீதியில் இறங்கியதும் ஊரே திரண்டு வழிமறிக்கிறது. அவர்கள் மன்னிக்கவில்லை. மன்னனின் ஆணை என்று தத்தன் சொன்ன பிறகுதான் வழிவிடுகிறார்கள். அரசனின் மன்னிப்பு வேறு, குடிகளின் பணிவு வேறு என்பதைச் சேக்கிழார் மறைக்காமல் வைத்திருக்கிறார். மெய்ப்பொருளாருக்கு மன்னிக்க முழு உரிமை இருந்தது. குத்துப்பட்ட உடம்பு அவருடையது.

ஸ்ரீபெரும்புதூரில் குத்துப்பட்ட உடம்புகள் பல. அன்று பணியில் இருந்து படுகாயமடைந்த பெண் போலீஸ் அதிகாரி ஒருவர், உடம்பில் அந்தக் காயங்களோடே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒவ்வொரு முறை விடுதலைப் பேச்சு எழும்போதும் வெளியே வந்து எதிர்த்திருக்கிறார். 2014 பிப்ரவரி 18 அன்று நீதிபதி சதாசிவம் தலைமையிலான அமர்வு, கருணை மனுவில் முடிவெடுக்க ஆன தாமதத்தைக் காட்டி மூவரின் தூக்கை ஆயுளாக்கியது. மறுநாளே முதலமைச்சர் ஜெயலலிதா எழுவரையும் விடுவிக்கப்போவதாக அறிவித்தார். ஒரே நாள்! அந்த ஒரு நாளில் ஸ்ரீபெரும்புதூரில் செத்தவர்களின் வீடுகளுக்கு யாராவது போய்ச் சொல்லியிருக்க முடியுமா? அந்தக் குடும்பங்களில் சில உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 2019 மே மாதம் அவர்கள் மனு தள்ளுபடியானது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம்: அரசியல் சாசனத்தின் 161ஆவது பிரிவில் ஆளுநர் பாதிக்கப்பட்டவரைக் கேட்க வேண்டும் என்று எங்கும் இல்லை.

விடுதலை சரியா என்று கேட்டால், சரி என்பதே என் பதில். முப்பது ஆண்டு சிறை எந்தக் கணக்கிலும் குறைவல்ல. 2018 செப்டம்பரில் அமைச்சரவை அனுப்பிய பரிந்துரையை ஆளுநர் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்டது அநீதி. 2022 மே 18 அன்று பேரறிவாளனையும் நவம்பர் 11 அன்று மற்ற ஆறு பேரையும் உச்ச நீதிமன்றம் விடுவித்தபோது, தீர்ப்பில் மன்னிப்பைப் பற்றிப் பேச்சில்லை. நன்னடத்தை, உள்ளே படித்த படிப்பு, உடல்நிலை, கிடப்பில் போடப்பட்ட பரிந்துரை, இவைதான் காரணங்கள். அந்தத் தெளிவு எனக்குப் பிடித்திருக்கிறது. மேடைகளில்தான் அது கலங்கியது. குடும்பமே மன்னித்துவிட்டது, இனி யாருக்கு என்ன என்று விடுதலையை வரவேற்றவர்கள் பேசினார்கள். காங்கிரஸ் கட்சியோ சோனியா காந்தியின் கருத்து அவருடைய சொந்தக் கருத்து, அதை நாங்கள் ஏற்கவில்லை என்றது. இரண்டு தரப்பின் பேச்சிலும் கவிதை சொல்ல வந்த சிறுமியின் வீடு இல்லை.

மன்னிப்பு அவரவர் பங்கு. சோனியாவும் பிரியங்காவும் ராகுலும் தங்கள் பங்கைக் கொடுத்தார்கள். அதற்கு மேல் கொடுக்க அவர்களுக்கும் அதிகாரமில்லை, அவர்கள் அப்படி உரிமை கொண்டாடவும் இல்லை. தர மறுத்த அந்தப் போலீஸ் அதிகாரியின் மறுப்பும் அதே அளவு மதிப்புள்ளது. மறுத்தவரைக் கல்நெஞ்சர் என்று பேசியது, இந்த விவகாரத்தில் தமிழ்ப் பொதுவெளி செய்த கூசத்தக்க காரியங்களில் ஒன்று.

விடுதலையும் முழு விடுதலையாக அமையவில்லை. நளினி 2019இல் மகள் கல்யாணத்துக்காகப் பரோல் கேட்டுத் தானே உயர் நீதிமன்றத்தில் வாதாடி வாங்கினார். சிறைக்காலத்தில் பிறந்து, உறவினர் வீட்டில் வளர்ந்து, வெளிநாட்டில் குடியேறியவர் அந்தப் பெண். இலங்கைக் குடிமக்களான நால்வரும் சிறையிலிருந்து நேரே திருச்சி சிறப்பு முகாமுக்குப் போனார்கள். சாந்தன் தாயைப் பார்க்க ஊருக்குப் போகவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அனுமதி வந்தபோது உடம்பு கெட்டுவிட்டது. 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இறந்தார். யாழ்ப்பாணத்தில் தாய் பார்த்தது உடலைத்தான். அந்த ஏப்ரலில் முருகன், பயஸ், ஜெயக்குமார் மூவரும் இலங்கை போய்ச் சேர்ந்தார்கள். சாந்தனின் தாய்க்கு ஒரு மாதம் முன்னால் நடந்திருக்க வேண்டியது அது.

தமிழ்நாட்டில் ஆயுள் கைதிகளை முன்விடுதலை செய்வது தலைவர்கள் பிறந்தநாள், நூற்றாண்டு என்று வழக்கமாக நடக்கும் காரியம். நன்னடத்தை அதிகாரியின் அறிக்கை உண்டு, சிறைக் கண்காணிப்பாளரின் அறிக்கை உண்டு, காவல்துறையின் அறிக்கை உண்டு. இறந்தவர் வீட்டுக்கு ஒரு அதிகாரி போய், இவர் வெளியே வரப்போகிறார், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அவரிடம் கேட்க உங்களுக்கு ஏதாவது இருக்கிறதா என்று உட்கார்ந்து பேசி எழுதும் ஒரு தாளும் அந்தக் கோப்பில் கட்டாயமாக இருக்கட்டும். அவர்கள் வேண்டாம் என்றால் விடுதலை நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தண்டனை அரசின் பொறுப்பு. பிரியங்கா காந்திக்கு வேலூர்ச் சிறையின் கதவு திறந்தது, அவர் பெயர் அப்படிப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரில் பெண்டாட்டியையும் அப்பனையும் மகளையும் பறிகொடுத்தவர்களும் அதே கேள்வியோடு அந்தக் கதவுவரை போக வழி இருந்திருக்க வேண்டும்.